நடக்காததற்கு அறிக்கை இல்லை

மருத்துவமனை ஸ்டோரில் போய் ஒரு பல்பு கேட்டால், வேறு யாராக இருந்தாலும் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இந்த ஸ்டோர்க்காரர் அப்படிக் கொடுப்பதில்லை. பல்புப் பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணை முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டுப் படிப்பார். பிறகு, வந்தவரின் சீட்டில் உள்ள எண்ணையும் அதே நிதானத்தில் படிப்பார். இரண்டும் ஒத்துவந்தால்தான் பல்பு கை மாறும். அதனால் அவருக்கு ‘நீளநம்பர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. வார்டு உதவியாளர்கள் அதை முகத்துக்கு நேராகவே சொல்லிக் கூப்பிடுவார்கள்.

“நீளநம்பர் அண்ணே, நோயாளி இருட்டுல உட்கார்ந்திருக்காரு. கொஞ்சம் வேகமா படிங்க.”

“நடுவுல பேசாதீங்க. விட்டுப்போச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

“ஐயோ, பேசல, பேசல. விடியறதுக்குள்ள முடிங்க.”

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிப்பதும் இல்லை, முகம் சுளிப்பதும் இல்லை. கோபம் வந்தால்கூட நன்றாக இருக்குமே என்று சில நேரம் அவருக்கே தோன்றும். பல் மருத்துவரின் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவன் மரத்துப்போன தன் கன்னத்தைத் தானே தொட்டுப் பார்ப்பதுபோல, அவரும் கோபம் இருக்கவேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்ப்பார். அங்கே ஒன்றும் தெரியாது.

அவர் பிறவியிலேயே ஸ்டோர்க்காரர் அல்லர். அதே மருத்துவமனைக்கு முதலில் எலக்ட்ரீஷியனாக வந்தவர். ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் சர்வர் அறைக்கு மின்கம்பி இழுத்தவர் அவர்தான். அங்கே கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்கு எடுத்துப் போய், அதில் சர்வர்களில் ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, கையேடுகளை அச்செடுத்துக் கோத்து வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் தானாகவே கற்றார். ஒரு வரியைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனாலும், அது புரியாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டார். கடைசியில் சர்வர் அறைப் பொறுப்பே அவரிடம் வந்தது. வந்த நாளிலிருந்து ஒவ்வொரு உத்தரவையும், ஒவ்வொரு ரசீதையும், ஒவ்வொரு வேலையின் முடிவுச் சீட்டையும் தேதிவாரியாகக் கோப்பில் போட்டு வைத்தார்.

அந்த அறையில் இரண்டு சர்வர்கள் உண்டு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு டிஸ்க் அலமாரி. அலமாரிக்கும் சர்வருக்கும் நடுவே ஒரே கேபிளை நம்பி இருக்கக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இரண்டு வழிகள் போட்டிருந்தார்கள். லினக்ஸ் இரண்டு வழிகளிலும் எட்டிப் பார்த்து, ஒரே டிஸ்க்கை இரண்டு டிஸ்க் என்று எண்ணிக்கொள்ளும். அந்த இரண்டையும் பிடித்து ஒன்றாக்கி, அதற்கு ஒரு சின்னப் பெயர் வைப்பதுதான் மல்டிபாத் என்ற மென்பொருளின் வேலை. எம்பாத்-ஏ, எம்பாத்-பி என்று, கண்ணில் பட்ட வரிசையில் அது பெயர் வைக்கும். வைத்த பெயர்களை அந்தந்த சர்வர் தனக்கென ஒரு சின்னக் கோப்பில் குறித்துக்கொள்ளும். டிஸ்க்கோடு பிறந்த மாறாத எண் ஒன்றும் உண்டு. அது ஒரு முழ நீளம். மனிதர்கள் அதைப் படிப்பதில்லை.

இவர் பொறுப்பேற்றபோது முதல் சர்வரில் ஸ்கேன் படங்கள் இருந்த டிஸ்க்குக்கு எம்பாத்-சி என்று பெயர், வெற்று டிஸ்க்குக்கு எம்பாத்-டி. இரண்டாவது சர்வரில் அதுவே தலைகீழாக இருந்தது. இது எப்போதாவது ஒருநாள் கழுத்தை அறுக்கும் என்று கண்டு, முதல் சர்வரின் பெயர்க் கோப்பை இரண்டாவதில் பிரதி செய்து, இரண்டிலும் படங்களுக்கு சி, வெற்றுக்கு டி என்று அவர்தான் ஒழுங்குபடுத்தினார். நீள எண்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து, கூடுதல் நினைவகம் போடுவதற்காக வெளியிலிருந்து வந்த நிறுவனத்தார் இரண்டாவது சர்வரை அணைத்து எழுப்பினார்கள். அன்று மதியம், வெற்று டிஸ்க்கைத் தயார்செய்யும்படி, அதாவது முழுக்கத் துடைத்துப் புதிதாக்கும்படி, மேலாளர் சொன்னார். இவர் இரண்டாவது சர்வரில் எம்பாத்-டி என்று தட்டினார். அழிந்தவை ஸ்கேன் படங்கள்.

நகல் எடுத்திருந்தவை திரும்பி வந்தன. நகல் எடுக்காமல் விட்டிருந்த சில மாதங்களின் படங்கள் போனது போனதுதான். விசாரணை அறிக்கையில் காரணம் ஒரே வரியில் இருந்தது: ‘பணியாளர் டிஸ்க்கின் பெயரைத் தவறாக உள்ளிட்டார்.’ அதை அவர் எதிரிலேயே வாசித்தார்கள். மேசைக்கு அடியில் தரைவிரிப்பின் ஓரம் பிரிந்திருந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டோருக்கு மாற்றுவதற்கு முன்பு, அவரையே ஸ்கேன் பிரிவின் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். பழைய படத்தைக் கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்லவேண்டும். வந்தவர்கள் பலர் சத்தம் போட்டார்கள். ஒரு தகப்பன் மட்டும் சத்தம் போடவில்லை. கையில் இருந்த சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “அப்போ பழைய கட்டி எவ்வளவு பெருசு இருந்துச்சுன்னு இனிமே தெரியாது, இல்லையா?” என்று கேட்டான். “தெரியாது” என்றார் இவர். அவருடைய கன்னம் மரத்தது அநேகமாக அன்றுதான்.

அவர் தவறான பெயரைத் தட்டவில்லை. தட்டிய பெயர் சரி. அந்தப் பெயரில் வேறொரு டிஸ்க் வந்து உட்கார்ந்திருந்தது. எப்படி என்று கண்டுபிடிக்க, ஸ்டோருக்கு வந்த பிறகும் வீட்டில் கையேடுகளோடு மல்லுக்கு நின்றார். கடைசியில் ஒரு பத்தியில் பிடி கிடைத்தது. சர்வர் எழுகிறபோது, தன் டிஸ்க்குகளைக் காண்பதற்கு முன்பே, பூட் இமேஜ் என்ற ஒரு சின்ன மூட்டையைத்தான் முதலில் பிரிக்கும். பெயர்க் கோப்பின் பழைய பிரதி ஒன்று அந்த மூட்டைக்குள்ளும் கிடக்கும். வெளியே உள்ள கோப்பை எத்தனை முறை திருத்தினாலும், மூட்டையை மறுபடி கட்டாவிட்டால், சர்வர் அடுத்த முறை எழும்போது பழைய பெயர்களோடுதான் எழும். இது அவருக்கு அன்று தெரியாது. சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. இதை விளக்கி அவர் எழுதிய மனுக்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: ‘கோப்பு முடிக்கப்பட்டது.’ அந்தப் பதில்களையும் அவர் தேதிவாரியாகக் கோத்து வைத்தார்.

அந்த ஒரு வரி அறிக்கையிலிருந்து போகவேண்டும். அவருக்கு அதைத் தவிர வேறு ஆசை எதுவும் மிச்சம் இல்லை.

இப்படியிருக்க, ஒரு வியாழக்கிழமை ஸ்டோருக்கு ஒரு வேலைத்திட்டம் வந்தது. மின்பலகை மாற்றுவதற்காக ஞாயிற்றுக்கிழமை கட்டடம் முழுவதும் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். ஸ்டோரிலிருந்து கேபிள்கள் கொடுக்கவேண்டும் என்பதால் அவருக்கும் ஒரு பிரதி. அதில் சர்வர் அறைக்கான பகுதியை அவர் வழக்கம்போல வாய்விட்டுப் படித்தார். இரண்டு சர்வர்களையும் அணைத்தல். மின்சாரம் வந்ததும் எழுப்புதல். பிறகு இரண்டாவது சர்வரில் எம்பாத்-டியைப் புதிய ஸ்கேன் இயந்திரத்துக்காகத் தயார்செய்தல்.

கடைசி வரியில் அவருடைய குரல் நின்றது. அந்த விபத்துக்குப் பிறகு அந்த சர்வரை யாரும் அணைத்ததே இல்லை. நகலிலிருந்து படங்களைத் திரும்ப ஏற்றியவர்கள், காரணத்தைத் தேடாமல், சர்வர் ஓடும்போதே பெயர்களைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார்கள். மூட்டையை யாராவது மறுபடி கட்டியிருப்பார்கள் என்று நினைக்க இடமில்லை.

சாயங்காலம் தங்கை வீட்டுச் சமையலறையில் இதைச் சொன்னார். மனைவி இறந்த பிறகு அவர் தங்கியிருப்பது அங்கேதான். தங்கையின் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எதையும் வேடிக்கையாகவே பேசுவார்.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லுண்ணா,” என்றாள் தங்கை. “ஒரு டிஸ்க்குக்கு எப்படி ரெண்டு பேர்?”

“நான் உனக்கு அண்ணன். இவருக்கு மச்சான். உன் பொண்ணுக்கு மாமா. ஆள் ஒருத்தன்தானே? ஒவ்வொருத்தரும் அவங்கவங்க இடத்துலேர்ந்து பேர் வச்சிருக்கீங்க. உன் பொண்ணு வந்து ‘மாமாவைக் கூப்பிடு’ன்னா, நீ யாரைக் கூப்பிடுவ?”

“எங்க மாமனாரை.”

“அதுதான் நடந்தது.”

மாப்பிள்ளை கரண்டியைக் கீழே வைத்தார். “அப்போ ஞாயித்துக்கிழமை மறுபடியும் இது நடக்கும். இந்த தடவை தட்டறது நீங்க இல்ல, உங்க இடத்துக்கு வந்திருக்கற அந்தப் பொண்ணு.”

“ஆமா.”

“மச்சான், கையக் கொடுங்க! நீங்க செய்யவேண்டியது ஒண்ணே ஒண்ணு. வாயை மூடிக்கிட்டு சும்மா இருங்க. ஞாயித்துக்கிழமை அது வெடிக்கட்டும். திங்கக்கிழமை காலையில உங்க மேலாளர் உங்களைத் தேடிக்கிட்டு ஸ்டோருக்கு ஓடி வருவாரு. ‘ஐயா, அன்னைக்கே சொன்னீங்களே’ன்னு.”

“படம் போயிடுமே,” என்றாள் தங்கை.

“நகல் இருக்கும்.”

“எல்லாத்துக்கும் இருக்காது,” என்றார் நீளநம்பர். “அன்னைக்கும் எல்லாத்துக்கும் இல்ல.”

“உங்க படமும் அதுலதானே இருக்கு? போன மாசம் எடுத்தீங்களே, கிட்னி கல்லு?” என்று தங்கை கணவரைக் கேட்டாள்.

“என் கல்லு போனா போகட்டும்டி. கல்லுக்கு என்ன, ஒரு படம் போனா இன்னொண்ணு எடுத்துக்கலாம். எங்க மச்சான் பேரு போச்சே, அதுக்கு எங்க போய் படம் எடுக்கறது?”

அவள் சிரித்துவிட்டாள். நீளநம்பர் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்தார். மாப்பிள்ளை சொன்னதில் தப்பில்லை என்று அவருக்குத் தெரியும். அந்த வரி போவதற்கு வேறு வழி இல்லை. இருந்திருந்தால் இத்தனை மனுக்களில் ஏதாவது ஒன்று அதைக் கண்டுபிடித்திருக்கும். எல்லோர் கண் முன்னாலும், வேறொருவர் கையில், அதே பெயரில், அதே தவறு நடக்கவேண்டும். அப்போதுதான் நம்புவார்கள். மகிழ்ச்சி வருகிறதா என்று பார்த்தார். இல்லை. பயமும் இல்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. திட்டத்தில் கேட்டிருந்த கேபிள்களை எண் படித்து எடுத்து வைத்தார். சனிக்கிழமை காலை அவற்றை வாங்க சர்வர் அறைப் பெண்ணே வந்தாள். அவருடைய இடத்துக்கு வந்தவள். நடை, பேச்சு, வேலை எல்லாமே வேகம் என்பதால் அவளுக்கு ‘சட்டுபுட்டு’ என்று பெயர்.

“சார், கேபிள் ரெடியா? படிக்கவேண்டாம், நான் நம்பறேன்.”

“படிக்காம தரமாட்டேன்.”

“சரி, படிங்க. நான் அதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்திடவா?”

அவர் படித்தார். அவள் வாயிற்படியில் சாய்ந்துகொண்டு, கையில் இருந்த நோயாளிகள் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். “திங்கக்கிழமை பழைய படம் வேணும்னு எத்தனை பேர் பாருங்க சார். கட்டி வளர்ந்திருக்கா, சுருங்கியிருக்கான்னு டாக்டருக்குப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கணுமாம்.”

அவர் கடைசி எண்ணைப் படித்து முடித்து, கேபிள்களை அவள் கையில் கொடுத்தார். அவள் திரும்பினாள்.

“நில்லும்மா,” என்றார்.

தான் சொல்லப்போகிறோம் என்பது, சொல்லும்வரை அவருக்கே தெரியாது.

“ரெண்டாவது சர்வர்ல பூட் இமேஜ் எந்தத் தேதியில உண்டானது, பெயர்க் கோப்பு எந்தத் தேதியில மாறினதுன்னு பாரு. இமேஜ் பழசா இருந்தா, நாளைக்கு நீ எழுப்பும்போது டி-யில படம் இருக்கும்.”

சட்டுபுட்டுவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. அவள் அசடு அல்லள். அவர் சொன்னதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். “அப்போ… அன்னைக்கு உங்களுக்கு நடந்தது இதுதானா சார்?”

“போய்ப் பாரு.”

அவள் ஓடினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் கழித்து ஸ்டோர் தொலைபேசி மணி அடித்தது.

“சார், இமேஜ்தான் பழசு. பிரிச்சுப் பார்த்தேன். உள்ள பெயர் ரெண்டும் தலைகீழா இருக்கு. மேலாளர்கிட்ட கேட்டேன். ‘திரும்பவும் அந்தப் பழைய கதையா’ன்னாரு. அப்புறம், செய்யறதுல நஷ்டம் இல்லன்னா செஞ்சுக்கோன்னாரு. மறுபடி கட்டிடவா?”

“கட்டு.”

“பழசை ஒரு பிரதி எடுத்து வச்சுடறேன் சார். உங்களுக்கு வேணும்ல?”

“வை,” என்றார். “அப்புறம் தட்டும்போது பேரை நம்பாதே. நீள எண்ணைப் பாரு.”

“வாய்விட்டுப் படிக்கணுமா?”

“படிச்சா நல்லது.”

ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் போயிற்று, வந்தது. சர்வர்கள் எழுந்தன. சி-யில் படங்கள் இருந்தன. டி வெறுமையாக இருந்தது, அதைத் தயார்செய்தார்கள். கேபிள் போதாமல் போனால் கொடுப்பதற்காக அவர் அன்று முழுவதும் ஸ்டோரில் உட்கார்ந்திருந்தார். கேபிள் போதுமானதாக இருந்தது. ஒருவரும் வரவில்லை.

திங்கட்கிழமை, சட்டுபுட்டு எடுத்துவைத்த பிரதியையும், உள்ளே இருந்த பெயர்களின் அச்சையும், தன் மனுக்களின் கோப்பையும் எடுத்துக்கொண்டு மேலாளரின் அறைக்குப் போனார். மேலாளர் கெட்டவர் அல்லர். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார்.

“நீங்க சொல்றது புரியுது. நல்ல வேலை செஞ்சிருக்கீங்க. ஆனா இப்ப நான் என்ன பண்ணணும்னு எதிர்பார்க்கறீங்க?”

“அறிக்கையில அந்த வரியை எடுக்கணும் சார்.”

“எதை வச்சு? நேத்து ஏதாவது நடந்திருந்தா, புதுசா ஒரு விசாரணை வந்திருக்கும். அதுல பழசும் சேர்ந்து வெளிய வந்திருக்கும். ஒண்ணும் நடக்கலையே. நடக்காததுக்கு எப்படிங்க அறிக்கை எழுதறது?”

“இந்தப் பிரதி இருக்கு சார். அன்னைக்கு எழும்போது சர்வர் படிச்சது இதுதான். தேதி இருக்கு பாருங்க.”

மேலாளர் அச்சைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு தயக்கத்தோடு கேட்டார். “நான் கேட்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. குழுவுல கண்டிப்பா கேட்பாங்க. ஒரு ஃபைலோட தேதியை மாத்த முடியாதா?”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அதை மறுக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

“முடியும் சார்,” என்றார் நீளநம்பர். “ஒரே ஒரு வரி தட்டினா போதும்.”

மேலாளர் தாள்களை ஒழுங்காக அடுக்கி, விளிம்புகளை மேசையில் தட்டிச் சமன்செய்து, அவர் பக்கம் தள்ளினார். மேசைக்கு அடியில் தரைவிரிப்பை மாற்றியிருந்தார்கள். புதியதன் ஓரம் இன்னும் பிரியவில்லை.

ஸ்டோருக்குத் திரும்பியதும் அன்றைய தேதியிட்டு எல்லாவற்றையும் கோப்பில் கோத்தார். அந்தக் கோப்பில் இடம் தீர்ந்திருந்ததால் புதிது ஒன்று எடுத்தார். எடுத்ததற்கு, தன் பெயரில் தானே ஒரு சீட்டு எழுதினார். பிறகு ஒரு வார்டு உதவியாளர் பேட்டரி கேட்டு வந்தார். எண் படித்துக் கொடுத்தார்.

“அண்ணா, என்ன ஆச்சு?” என்று தங்கை சாயங்காலம் கேட்டாள்.

“ஒண்ணும் ஆகல.”

அவள் அவருக்குத் தட்டை எடுத்து வைத்தாள். மாப்பிள்ளையும் வேடிக்கை எதுவும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

அதற்கு அடுத்த வாரம் மாப்பிள்ளை மருத்துவமனைக்கு வந்தார். மறுபரிசோதனை. முடிந்ததும் வழி கேட்டுக்கொண்டு ஸ்டோருக்கே வந்துவிட்டார். கையில் பெரிய உறை. வந்த வேகத்தில் சொன்னார்:

“மச்சான், என் கல்லு பத்திரமா இருக்கு!”

“எந்தக் கல்லு?”

“பழைய படத்துல இருக்கற கல்லு. டாக்டர் போன மாசப் படத்தையும் இன்னைக்குப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினாரு. கல்லு இறங்கி வந்திருக்காம். கத்தி வேண்டாம், தண்ணி குடிச்சா தானா போயிடுமாம். பழைய படம் இல்லன்னா இறங்கினதே தெரிஞ்சிருக்காது, நாளைக்கே மேசையில படுக்கப் போட்டிருப்பேன்னாரு.” உறையைக் கை மாற்றிக்கொண்டார். “நான் அன்னைக்கு கல்லு போனா போகட்டும்னு சொன்னேன்ல.”

“சொன்னீங்க.”

“நீங்க ஏதாவது திட்டுங்களேன் மச்சான். ஒரு வார்த்தை.”

நீளநம்பர் உறையை வாங்கினார். அதன் மூலையில் ஒட்டியிருந்த நோயாளி எண்ணை, வழக்கம்போல, முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டுப் படித்தார். மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து தன் சீட்டை எடுத்து நீட்டினார். அதையும் படித்தார். இரண்டும் ஒத்துவந்தன. உறையைத் திருப்பிக் கொடுத்தார்.

“உங்களுதுதான் மாப்பிள்ளை,” என்றார். “நிறைய தண்ணி குடிங்க.”

வாசலில் ஒருவர் பல்புக்காகக் காத்திருந்தார்.